சகலையின் காரும் என் காரும்

தொண்ணூறுகளில் என் மனைவியின் அக்காள் கணவர் தன் அம்பாசடரின் கதவுகளிலும் தரையிலும் சத்தம் கேட்காமலிருக்க கனத்த ஃபெல்ட் விரிப்பு ஒட்டி, உள்கூரைக்குப் புதுத் துணியும் போட்டார். குன்றக்குடிக்கு அதில் போனபோது, பின்சீட்டில் அக்காளும் தங்கையும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே வந்தார்கள். என் காரில் கத்தத்தான் வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

மறுவாரமே செக்காலை ரோட்டில் கார் சீட் தைக்கும் கடையில் என் காரை விட்டேன். அதே ஃபெல்ட். கூரைத் துணி மட்டும் அவருடையதைவிட உசத்தி.

மனைவியை ஏற்றிக்கொண்டு சாக்கோட்டைப் பக்கம் போனேன். எதிரே சகலையின் கார் வந்தது. சிரித்துக் கையைக் காட்டிவிட்டு, வழக்கம்போல் வாய்க்குள்ளேயே அவரை இரண்டு வார்த்தை திட்டினேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“எங்க அத்தானைப் பாக்குறப்பல்லாம் இப்படித்தான் வஞ்சுக்கிட்டு வந்தீகளா? இம்புட்டு நாளும் இரைச்சல்ல எனக்குக் கேக்கலை.”