ஸ்டோரில் வைத்த மருந்து

மழைக்காலத்தில் உடும்பஞ்சோலையில் பூஞ்சணம் பிடிக்காத பொருள் கிடையாது. செருப்பு, பள்ளிப் புத்தகம், சாமி படத்தின் பின்பக்கம் என்று எல்லாவற்றிலும் பச்சை படரும். அதனால் ஏலத்தோட்டக் கூலிகளுக்கான எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கெட்டுப்போகக்கூடாத எதையும் யாரும் வைக்கமாட்டார்கள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே அடுப்புக்கு விறகு போடுகிறவர் என் அப்பா. பலருடைய ரேஷன் கார்டும், ஒரு புதுப்பெண்ணின் பட்டுப்புடவையும்கூட அந்தச் சூட்டு அறைப் பரணில் அவர் காவலில் இருந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்காவின் மருந்தும் அங்கேதான் போனது. அவளுக்குப் பதிமூன்று வயது, எனக்கு ஒன்பது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, எலும்பும் தோலுமாகி, ஒருநாள் நினைவு தப்பியவளை மலையிறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது, அது சுரக்கும் இன்சுலின்தான் சாப்பிட்ட சர்க்கரையை உடம்பில் சேர்க்கிறது, இவளுக்கு அது நின்றுவிட்டது, இனி தினமும் ஊசியில்தான் கொடுக்கவேண்டும் என்றாராம் டாக்டர். உங்கள் மலைக் குளிருக்கு ஐஸ்பெட்டி வேண்டாம், கெட்டுப்போகாமல் வைத்தால் போதும் என்றும் சொன்னாராம். அப்பாவுக்குத் தெரிந்த பத்திரமான இடம் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கன்னத்தில் சதை பிடித்துத் திரும்பினாள். காலையும் மாலையும் நான்தான் ஸ்டோருக்கு ஓடி மருந்துக் குப்பியை எடுத்துவருவேன். எஸ்டேட் கம்பவுண்டர் வந்து ஊசி போடுவார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனாலும் மூன்று வாரத்தில் பழைய தாகம் திரும்பிவிட்டது. ஊசி ஒழுங்காகப் போகிறதே, பெண் திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாள் என்று கம்பவுண்டர் முடிவு சொன்னார். அம்மா வெல்லப் பானையை ஒளித்துவைத்தாள். அப்படியும் குறையாததால் அக்காவை அடித்தாள். அடித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஒரு மத்தியானம் அக்கா என்னை அருகில் கூப்பிட்டாள். மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணுமே திங்கல பாப்பா. சாமி சத்தியமா. அம்மாகிட்ட நீயாச்சும் சொல்லு."

சொல்லத்தான் எழுந்தேன். அப்போதுதான் அவள் மூச்சில் கனிந்த பழத்தின் வாசனை அடித்தது. நமக்குத் தராமல் தின்றிருக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நேரே அடுப்படிக்குப் போனேன்.

"அக்கா வாயில பழ வாசனை வருதும்மா."

அன்றைக்கு அக்காவிடம் யாரும் பேசவில்லை. மறுநாள் அவளை எழுப்ப முடியவில்லை. மழையில் ஜீப் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சர்க்கரையைச் சேர்க்க முடியாத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும், அப்போது மூச்சில் பழ வாசனை வரும் என்பதை நர்சிங் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். சூட்டில் இன்சுலின் வீணாகிவிடும் என்பதையும் அங்கேதான் படித்தேன். மருந்தில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. என்னை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா பொய் சொல்கிறாள் என்பதுதான்.