வாய்க்கரிசி போடாத மகள்

மாதவிடாய் நின்று இரண்டு வருஷத்தில் எனக்கு மூத்திரத் தொந்தரவு ஆரம்பித்தது. அவசரம் என்றால் அப்படியொரு அவசரம், எரிச்சல் வேறு. தும்மினால் போச்சு. எல்லாரும் சூடு என்றார்கள். நானும் வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நான் இருக்கிற கே.கே. நகரில் தெருவுக்கு நாலு கிளினிக் இருக்கிறது. பாழாய்ப்போன வெட்கம், ஒன்றிலும் ஏறவில்லை.

போன தை மாதம் சோழவந்தானில் அம்மா இறந்துபோனாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நிம்மதியாக அழக்கூட முடியவில்லை. எழுந்து எழுந்து கொல்லைக்கு ஓடினேன். "பெத்தவ கெடக்கா, இவளுக்கு இருப்புக் கொள்ளலயே" என்றாள் மதினி, என் காதுபடவே. தூக்குகிற நேரம் வந்தது. வாய்க்கரிசி போட அண்ணன் கூப்பிட்டார். தேம்பி அழுததில் மூத்திரம் கசிந்து என் சேலை நனைந்துவிட்டது. இந்தத் தீட்டோடு அம்மா வாயில் எப்படி அரிசி போடுவது? "நான் போடலண்ணே" என்று சுவரோரம் ஒதுங்கினேன். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவில்லை என்று எனக்குக் கோபம், அதனால்தான் போடவில்லை என அண்ணன் நினைத்துக்கொண்டார். கருமாதியன்றும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். மாதவிடாய் நின்றால் ஹார்மோன் குறைந்து மூத்திரப் பாதை வறண்டு மெலிந்துபோகுமாம். பெண்ணுறுப்புக்குள் வைக்கிற ஹார்மோன் கிரீம் எழுதினார்.

"ஹார்மோன்னா கேன்சர் வரும்பாங்களே டாக்டர்?"

மார்பில் கட்டி உண்டா, ரத்தம் பட்டதா என்றெல்லாம் கேட்டுப் பரிசோதித்தார். "இது ரத்தத்துல ரொம்பக் கொஞ்சந்தான் கலக்கும்மா. உங்களுக்குத் தாராளமா குடுக்கலாம்" என்றார். இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை.

மூன்றாம் மாதம் எரிச்சல் போய், அவசரமும் அடங்கியது. சந்தோஷப்பட வேண்டியவள் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இம்புட்டுத்தானா? இதை வாங்க வெட்கப்பட்டா என் அம்மாவை வெறும் வாயோடு அனுப்பினேன்?

அன்றே அண்ணனுக்குப் போன் போட்டேன். தங்கச்சி அண்ணனிடம் சொல்லக்கூடிய விஷயமா இது? ஒன்றுவிடாமல் சொன்னேன்.  கேட்டதும் கத்தினார்.

"அடி கூறுகெட்டவளே, ஒம் மூத்திரத்துலயே படுத்துக் கெடந்து ஒன்னய வளத்தவடி அவ. அவளுக்கா தீட்டு?"

கத்திவிட்டு அழுதார். எனக்கு அது அன்றைக்குத் தோன்றாமல் போயிற்றே.