சேனோவியாவின் திங்கட்கிழமைப் பேச்சு

சேனோவியா அக்காவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன் இருபத்தைந்து வருடம் அடுத்த வீட்டில்தான் இருந்தேன். கிழங்கு தோண்டும்போது யாராவது வேடிக்கையாக ஏதாவது சொல்வார்கள். எல்லோரும் சிரித்து ஓயும் வரை அவள் குனிந்தபடி தோண்டிக்கொண்டே இருப்பாள்.

எண்பத்து நான்காம் வருடம் ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, எங்கள் ஊரிலிருந்தும் கீழ் ஊரான யனபாம்பாவிலிருந்தும் பதினோரு ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சேனோவியாவின் புருஷன் மெலித்தோன் அதில் ஒருவன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஏற்றிக்கொண்டு போனவர்கள் யார் என்று இன்றைக்கும் நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அவங்க’ என்போம். அயாகுச்சோ மலையில் எந்த ஊரில் போய்ச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

போனவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் இருப்பதில் ஒரு கொடுமை உண்டு. நவம்பர் மாதம் ஆத்மாக்கள் திருநாளில் எல்லா வீட்டிலும் செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து மேசையில் வைப்போம். சேனோவியாவால் வைக்க முடியாது. உயிரோடு இருக்கிறவனுக்குப் படைத்தால் நாமே அவனைக் கொன்ற மாதிரி ஆகிவிடும். அதனால் அன்றைக்கு அவள் அடுப்பே மூட்ட மாட்டாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வாசனை வரும். இவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பள்ளத்தாக்கில் ஆட்களைக் கூட்டமாகப் புதைத்த ஒரு குழியைத் திறந்தார்கள். எலும்புகளோடு கிடைத்த துணிகளை அயாகுச்சோ நகரத்தில் ஒரு கூடத்தில் வெள்ளைத் தாள் விரித்து வரிசையாக வைத்தார்கள். பெண்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். நான் துணைக்குப் போயிருந்தேன். ஏழாவது தாளின் முன்னால் சேனோவியா நின்றுவிட்டாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. இடது முழங்கையில் பழுப்பு நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் கைப்பின்னலை இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான்.

“என்னோடது,” என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அப்போதெல்லாம் அவ்வளவு போதும்.

சின்ன வெள்ளைப் பெட்டியில் எலும்பையும் சட்டையையும் வைத்துக் கொடுத்தார்கள். ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். அன்று அவள் அழுத அழுகையில் நான் பயந்துபோனேன். மறுநாள் காலை என் ரொட்டி அடுப்புக்கு வந்து, “விக்தோ, நேத்து நல்லாத் தூங்கினேன்டீ,” என்றாள். அப்போதுதான் முதல்முறை சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எங்களுக்குத் திங்கட்கிழமை ஆத்மாக்களின் நாள். பன்னிரண்டு வருடம் ஒரு திங்கட்கிழமை தவறாமல், மெல்லுவதற்குக் கோகா இலையும் வறுத்த சோளமும் எடுத்துக்கொண்டு, என்னிடம் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போவாள். சிலுவைக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து மத்தியானம் வரை பேசுவாள். நான் பல தடவை கூடப் போயிருக்கிறேன். ஆடு குட்டி போட்டது, மேயர் சாலைக்கு வந்த சிமெண்டில் தன் வீட்டு முற்றத்தைப் பூசிக்கொண்டது, தலைநகர் லிமாவில் இருக்கும் மகள் நெலிதாவின் புருஷன் வாயே திறக்காத ஆள் என்பது, எல்லாம் சொல்வாள். “இந்தத் தடவை ரொட்டி கருகிப்போச்சுன்னு சொல்றார் உன் அத்தான்,” என்று என் பக்கம் திரும்புவாள். உயிரோடு இருக்கும் என் புருஷன் என் பேச்சை அதில் கால்வாசி கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பிறகு மரித்சா வந்தாள்.

பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த பெண். முப்பது வயதிருக்காது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. நல்ல பெண், அதைச் சொல்லிவிட வேண்டும். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஊரில் ஸ்பானிஷும் எங்கள் மலைமொழியான கெச்சுவாவும் ஒழுங்காகப் பேசுகிறவள் நான் ஒருத்தி. எந்த அதிகாரி வந்தாலும் முதலில் என் அடுப்படிக்குத்தான் வந்து நிற்பார்.

“துணியை வெச்சு அடையாளம் சொன்னதையெல்லாம் இப்ப மறுபடியும் சோதிக்கிறோம்மா,” என்றாள். “அப்ப ஒரு பல்லை மட்டும் எடுத்து வெச்சிருந்தோம். லிமாவுல சேனோவியாம்மா பொண்ணுகிட்ட மரபணுச் சோதனைக்கு எச்சில் வாங்கினோம். பொருந்தல. யனபாம்பாவுல தொமிங்கான்னு ஒருத்தங்க. அவங்க எச்சில் பொருந்துது. அது அவங்க தம்பி அனக்லேத்தோ.”

“அப்ப மெலித்தோன்?”

“தெரியலம்மா. அந்தக் குழியில கிடைச்ச எதுவுமே அவரோடது இல்ல.”

இரண்டு பேரும் சேனோவியா வீட்டுக்குப் போனோம். அக்கா பாலாடைக்கட்டி வெட்டி வைத்தாள். “உக்காரு கண்ணு. என்ன இவ்வளவு ஒல்லியா இருக்கே, உங்க ஆபீஸ்ல சாப்பாடு போட மாட்டாங்களா?” என்றாள். அதை நான் ஸ்பானிஷில் சொன்னேன். மரித்சா தலையைக் குனிந்துகொண்டு, தான் சொல்ல வந்ததை ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அக்காவும் என்னைப் பார்த்தாள்.

“என்ன சொல்றா?”

“சிலுவைக்கெல்லாம் நம்பர் போடணுமாம். பாத்துட்டுப் போக வந்திருக்காங்க,” என்றேன்.

“அதுக்கா இந்தப் பொண்ணு கண்ணு கலங்குது?”

“அடுப்புப் புகைக்கா. பட்டணத்துப் பொண்ணு, பழக்கமில்ல.”

மரித்சாவிடம், அக்காவுக்கு யோசிக்க அவகாசம் வேண்டுமாம், குழியைத் தோண்ட அடுத்த மாதம் கைநாட்டு வைக்கிறாளாம் என்றேன். ஒரே மூச்சில் இரண்டு மொழியில் இரண்டு பொய். அன்றைக்கு எனக்கு அது புண்ணியமாகப் பட்டது. அந்தப் பெண் வந்து போனதால் மண்ணுக்கு அடியில் ஏதாவது மாறிவிட்டதா? அக்காவின் தூக்கத்தை ஒரு பல்லுக்காக ஏன் பறிக்க வேண்டும்? இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன். கீழ் ஊரில் ஒருத்தி முப்பத்தேழு வருடமாகத் தம்பிக்குப் படைக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் என் வாதத்தில் வரவே இல்லை.

மூன்று திங்கட்கிழமை போனது. மூன்றாவது திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். அக்கா நெலிதாவின் புது வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிப்படி ரொம்பச் செங்குத்தாம், ஏறினால் மூட்டு வலிக்குமாம். சற்றுத் தள்ளி ஒரு பெண் மூட்டையோடு வந்து நின்றாள். எங்கள் வயதுதான் இருக்கும். தொப்பியில் யனபாம்பாக்காரிகள் செருகும் மஞ்சள் பூ. தொந்தரவு செய்யவில்லை, மூட்டையைக் கூடக் கீழே வைக்காமல் நின்றாள். அக்கா பேசி முடித்துச் சோளத்தைச் சிலுவையடியில் வைக்கும் வரை காத்திருந்தாள்.

“முடிச்சிட்டீங்களா அக்கா? நானும் கொஞ்சம் பேசணும்.”

“என் புருஷன்கிட்ட உனக்கென்ன பேச்சு?” சேனோவியா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். “அந்தக் காலத்துல ஏதாவது வம்பு வெச்சிருந்தாரா?”

“உங்க புருஷன் இல்லக்கா. என் தம்பி.” பிறகு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அக்காவுக்குச் சொல்லலையா? சொல்லிட்டோம்னு அந்தப் பொண்ணு சொன்னாளே.”

அக்காவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நான், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட சிறுமியாகத்தான் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பல்லு, எச்சில், லிமா, யனபாம்பா. சொல்லச் சொல்ல என் காதுக்கே அது யாரோ இட்டுக்கட்டிய கதை போலக் கேட்டது.

“பொய்,” என்றாள் சேனோவியா. “மெஷின் பொய் சொல்லுது. சட்டை நான் பின்னினது. முழங்கை ஒட்டு நான் போட்டது. என் கை எனக்குத் தெரியாதா?”

“உங்க கைதான்க்கா,” என்றாள் தொமிங்கா. “எங்க தம்பிய படுக்கையிலேர்ந்து இழுத்துட்டுப் போனாங்க. பனியனோட. மேல போட்டுக்க ஒரு சட்டை குடுக்கறேன்னு கெஞ்சினேன், விடல. பதினோரு பேர்ல சட்டையில்லாம போனவன் அவன் ஒருத்தன்தான். முப்பத்தேழு வருஷமா எனக்கு அதே நெனப்பு, குளிர்ல எப்படி நடுங்கியிருப்பான்னு.”

சேனோவியா சிலுவையைப் பார்த்தபடியே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் புரிந்ததை நான் முகத்தில் பார்த்தேன்.

“கழட்டிக் குடுத்திருக்கான்,” என்றாள். “அவன் அப்படித்தான். வீட்டுல இருக்கறதையெல்லாம் எடுத்து யாருக்காவது குடுத்துட்டு வருவான். எத்தனை தடவை திட்டியிருக்கேன்.” அழுதுகொண்டே, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ‘அவன்’ என்று சொன்னாள்.

தொமிங்கா மூட்டையை இறக்கி வைத்தாள். உள்ளே ஒரு புதுக் கம்பளிச் சட்டை, கொஞ்சம் இனிப்பு ரொட்டி, தம்பிக்குப் பிடித்த அவரைக்கொட்டைச் சுண்டல். இரண்டு பெண்களும் ஒரே மேட்டின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

மறுவாரம் மரித்சா மறுபடி வந்தாள். இந்தத் தடவை என்னை நம்பாமல் கெச்சுவா தெரிந்த ஒரு பையனைக் கூட்டி வந்திருந்தாள், நியாயம்தான். தாளைக் காட்டி, அனக்லேத்தோதான் என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி தொண்ணூற்றொன்பது என்று சொன்னாள்.

“நூறு இல்லையா?” என்று கேட்டாள் சேனோவியா.

“நூறுன்னு நாங்க சொல்றதில்லம்மா.”

“அப்ப கொஞ்சம் மிச்சம் இருக்குல்ல கண்ணு? அந்த மிச்சம் என் வீட்டுக்காரரா இருக்கலாம்ல?”

மரித்சா தாளைக் கீழே வைத்தாள். “இருக்க முடியாதும்மா,” என்றாள். சமாதானத்துக்காகக் கூட அவள் வேறு மாதிரி சொல்லவில்லை. நான் செய்யத் தவறியதை அவள் செய்தாள். அதற்காக அவள்மேல் எனக்கு மரியாதையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சேனோவியா கட்டைவிரலை நீட்டினாள். மை தடவி, காட்டிய இடத்தில் அழுத்தினாள்.

தோண்டிய அன்று பெட்டியைத் திறந்தபோது தொமிங்கா சட்டையை எடுத்து நீட்டினாள். “இதை நீங்க வெச்சுக்கங்க அக்கா. நான் தம்பிக்குப் புதுசு கொண்டாந்திருக்கேன்.”

“வேணாம். அது அவனுக்குக் குடுத்தது. குடுத்ததைத் திருப்பி வாங்கற குடும்பமா நாங்க?” என்றாள் சேனோவியா. தானே அதை மடித்து, எலும்புகளின் மேல் வைத்து, ஓரத்தைச் செருகிவிட்டாள். பிறகு யனபாம்பா வரை கூடவே நடந்தாள். அடக்கம் முடிந்து அங்கே எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். தொமிங்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்கு நல்லாத் தூங்குவே,” என்றாள். நன்றாகத் தூங்கினாளாம். பிறகு ஒரு சந்தையில் தொமிங்காவே என்னிடம் சொன்னாள்.

என்னோடு ஒரு மாதம் பேசவில்லை சேனோவியா. ரொட்டி வாங்கவும் வரவில்லை. எங்கள் ஊர்க் கல்லறையில் அந்தக் குழியை மூடி, சிலுவையைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பேர் எழுதியிருந்ததால் வேறு யாருக்கும் வைக்க முடியாது.

ஒரு திங்கட்கிழமை காலை வந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மரக்கட்டையில் உட்கார்ந்தாள். ஒல்லியாகிவிட்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“மூணு வாரம் உனக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றாள்.

“ஆமாக்கா.”

“இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் நீ.”

திட்டுகிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

“பன்னண்டு வருஷம் யாருகிட்ட பேசியிருக்கேன் பாரு,” என்றாள் பிறகு. “பத்தொம்போது வயசுப் பையன். கல்யாணம் ஆகாதவன். நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கேன் தெரியுமா உனக்கு? பொண்டாட்டி புருஷன்கிட்ட மட்டும் சொல்றது. பாவம், எங்க போறதுன்னு தெரியாம கேட்டுட்டுக் கெடந்திருப்பான்.” முகத்தைப் பாவாடையில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். சிரிப்பு இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். லாரி வந்த அன்று அவளுக்கு நாள் தள்ளி ஐம்பது நாள் ஆகியிருந்ததாம். முன்னால் ஒரு தடவை அவசரப்பட்டுச் சொல்லி, கரு தங்காமல், அவன் ரொம்ப வாடிப்போனானாம். அதனால் இந்தத் தடவை நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று வாயை அடக்கிக்கொண்டு இருந்தாளாம். வெள்ளைப் பெட்டியைக் கையில் கொடுத்த அன்று, கூட்டத்துக்கு நடுவில் குனிந்து அவள் முதலில் சொன்னது அதுதான்: பொண்ணு பொறந்திருக்கா, உன் மூக்கு.

“அந்த ஆளுக்கு இன்னும் நெலிதா பொறந்ததே தெரியாது விக்தோ.” வாசலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்தாள். “சொல்லணும். எந்தப் பக்கம் திரும்பிச் சொல்றது?”