இழுத்தால் வரும் என்று நினைத்த டயர்

இன்று காலை குடவாசல் டயர் கடையில் ஒரு கூத்து. நான் சொல்ல, என் பேரன் எழுதுகிறான்.

எங்கள் ஊர்க் கட்சிக் கிளைச் செயலாளர் தன் சரக்கு வண்டிக்கு அகலமான அலாய் வீல் வாங்கியிருக்கிறார். டயர் மட்டும் பழசு.

கடைக்காரர் கெஞ்சினார். "அண்ணே, இந்த வீலுக்கு இந்த டயர் ஒடுக்கம். பாரம் ஏத்துனா விளிம்புலேர்ந்து கழண்டுக்கும்."

"ரப்பர்தானய்யா, இழுத்தா வரும். மாட்டு."

மாட்டினார்கள். டயர் விறைத்துக்கொண்டு உள்ளே போக, வீல் வெளியே பிதுங்கி நின்றது.

குத்தாலம் பக்கம் அவர் வயலில் நடவு. அங்கே போகக் கடை வாசலில் வண்டிக்காகக் காத்திருந்த பெண்களை ஏறச் சொன்னார். என் மருமகள் காலைத் தூக்கி வைத்துவிட்டாள்.

அவளை வழியனுப்ப வந்திருந்த நான், "இறங்கு தாயி" என்றேன்.

அவருக்குச் சுள்ளென்று வந்தது. "எழுத்தே தெரியாது, டயரப் பத்திப் பேச வந்துட்டியா பெருசு?"

"தெரியாதுதான் தம்பி. ஆனா உங்கப்பா எங்க குத்தகை வயலுக்குள்ள வருஷா வருஷம் தன் வயல் வரப்ப நகத்துனது தெரியும். அது மண்ணு, இழுத்த இழுப்புக்கு வந்துச்சு. இது வராது."

நடவுப் பெண்களை அழைத்து வந்த அஞ்சலை சிரிக்காமல் சொன்னாள். "உங்க அம்மாவ உக்கார வச்சு வாய்க்கா மேட்டுல ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் நாங்க ஏறுறோம்."

"அம்மாவயா? அவங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்று கேட்டுவிட்டார் மனுஷன்.

அவ்வளவுதான். அத்தனை பெண்களும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்கள்.

உங்கள் ஊர்த் தலைவர்கள் தங்கள் அம்மாவை எந்த வண்டியில் ஏற்றுகிறார்கள்? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.