பதினோரு வருடத்தில் சுத்தமாகும் சேறு

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஓர் ஏரி இருக்கிறது. அதன் அடியில் படிந்திருக்கும் எண்ணெய்ச் சேறு பதினோரு வருடத்தில் தானாகவே சுத்தமாகிவிடும் என்று ஓர் அறிக்கையும் இருக்கிறது. அந்த அபத்தத்தை எழுதியவள் நான்தான்.

அப்போது நான் பாடி மேம்பாலத்தை ஒட்டி ஒரு டயர் கடையின் மாடியில் இயங்கிய சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கீழே லாரி போனால் கம்ப்யூட்டர் திரை லேசாக நடுங்கும். திரையில் எங்கள் ஏரியின் கணினி மாடல் குறுக்கே வெட்டிய கேக் போல நிற்கும். எண்ணெய் அதிகமுள்ள இடம் சிவப்பு, குறையக் குறைய மஞ்சள், பிறகு நீலம். ஒரு பொத்தானை அழுத்தினால் வருடங்கள் ஓடும், சிவப்பு கரைந்து எல்லாம் நீலமாகிவிடும். எங்கள் முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் அதை ஓட்டிக் காட்டுவார். ஏரியின் உண்மையான நிறத்தை எட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் அவகாசமில்லை.

சுற்றியிருந்த பட்டறைகளிலிருந்து பல வருடங்களாகக் கால்வாய் வழியாக வந்த கழிவு எண்ணெய் அது. அள்ளி எடுப்பதா, அப்படியே விடுவதா என்பதுதான் ஏரியைப் பராமரிக்கும் அரசு அலுவலகம் எங்களிடம் கேட்ட கேள்வி. அள்ளினால் எங்கே கொட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே, அப்படியே விடலாம் என்ற பதிலை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார்கள்.

ஏரியில் ஆறு இடங்களில் குழாயை இறக்கிச் சேறு எடுக்க வேண்டும் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தேன். எடுக்கப் போன அன்று நல்ல வெயில். முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்க முதலாளிக்கு மனமில்லை. கரையோரம் ஒரே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஆறு குழாய்களையும் குத்தி எடுத்துவிட்டார்கள். இப்படிச் செய்யலாமா என்று மெதுவாகக் கேட்டேன். ஒரே ஏரிதானே என்றார். ஒன்று முதல் ஆறு வரை லேபிள் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

கரையோரத்தில் அலை அடிக்கும், காற்று கலக்கும், நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆழத்தில் காற்றே கிடையாது. இது கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் கரைச் சேற்றின் கணக்கை ஏரி முழுவதற்கும் பொருத்தினேன். கணினி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எதைப் போட்டாலும் மூன்று தசமம் வரை பதில் சொல்லும் பிராணி அது. பதினோரு வருடம் என்றது.

அறிக்கை போய் இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். நான் குடியிருந்த அடுக்ககம் கரைக்கு எதிரிலேயே இருந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னிக்கு ஆறு பைப்பையும் ஒரே எடத்துல குத்திகினு போனீங்களே மேடம், இன்னா கண்டுபுட்ச்சீங்க?"

பதினோரு வருடக் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே காது சூடாகியது. கால்வாய் வந்து விழும் இடத்துக்கு வருகிறீர்களா என்று அவர் கேட்டார். ஒருவேளை என்மேலிருந்த கோபத்தில்தான் சரி என்றேன்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் குழாயோடு அவருடைய தெர்மாகோல் தெப்பத்தில் ஏறினேன். கால்வாய் வாயருகே அவர் கழியை ஊன்றியதும் கருப்பாகக் குமிழிகள் கிளம்பின. நாற்றத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இங்கே பிடிக்கும் மீனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"எதிர்ல பிளாட்டுக்குத் தான் தர்றோம். நம்ம ஊட்ல துன்றதில்ல மேடம்."

போன ஞாயிறு நான் வறுத்துத் தின்றது நினைவுக்கு வந்தது.

குழாயைக் கரையில் நீளவாக்கில் பிளந்தபோது முழங்கை ஆழத்தில் ஒரு பால் பாக்கெட் சிக்கியிருந்தது. தேதி அழியவில்லை. நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம். பாக்கெட்டை ஒட்டியிருந்த சேற்றை வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் தோழியிடம் கொடுத்தேன். எண்ணெயில் முதலில் சிதைய வேண்டிய பகுதிகூட அப்படியே இருக்கிறது என்றாள். நேற்று ஊற்றியது போல. அந்தக் கணக்கை மாடலில் போட்டு ஓட்டினேன். பதினோரு வருடம், ஐம்பது, நூறு. சிவப்பு அசையவே இல்லை.

திங்கட்கிழமை பாக்கெட்டைக் கழுவி முதலாளியின் மேசைமேல் வைத்தேன்.

"பால் பாக்கெட்ட வெச்செல்லாம் சயின்ஸ் பண்ணாதீங்கம்மா" என்றார்.

"ஒரே இடத்துல எடுத்துட்டு ஆறு இடம்னு போட்டமே, அது சயின்ஸா சார்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "லேபிள் எழுதுனது யாரு?"

இருக்கைக்குத் திரும்பி ஒரு கடிதம் எழுதினேன். லேபிள்களை எழுதியவள் நான் என்பதுதான் அதன் முதல் வரி. அறிக்கை கேட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த வாரமே வேலையை விட்டேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்திலும் விஷயத்தைச் சொன்னேன். ஏரியைச் சுற்றி வரப்போகும் நடைபாதை நின்றுவிடுமா என்று கேட்டார்கள். சேற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மென்பொருள் வேலையில் இருக்கும் செயலாளர், மாடலில் லேசாக ஏதாவது மாற்றிப் பார்க்க முடியாதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். என் முதலாளிக்குத் தம்பி என்றால் நம்பலாம்.

கடிதத்தின் முதல் விளைவு, கரையில் மீன் பிடிக்கத் தடை என்று ஒரு பலகை. உண்மையைக் காட்டிய ஆளின் பிழைப்பில் கை வைப்பதுதான் அவர்களுக்கு எளிதாக இருந்தது. அடுத்து பார்த்தபோது மீன்காரர் நடைபாதைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த கல்லை வைத்துத் தட்டிவிட்டு, "ஒங்க மேல இன்னா மேடம் தப்பு, போங்க" என்றார். என்மேல்தான் தப்பு என்று இருவருக்கும் தெரியும்.

எட்டு மாதம் கழித்து, என் கடிதத்தின் பேரில் மறுபடி சேறு எடுக்க உத்தரவு வந்தது, எனக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார்கள். எடுக்கும் வேலை அதே நிறுவனத்துக்கே போனது. அன்று காலை ஆறு மணிக்கே நான் கரைக்குப் போய்விட்டேன். மீன்காரரும் கல் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டுத் தெப்பத்தோடு வந்திருந்தார். முதலாளி என்னைப் பார்த்துவிட்டு வரைபடத்தை நீட்டினார். முதல் குழாயைக் கால்வாய் வாயில் இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள். ஆறு இடத்துக்கும் போய் வர மாலை நான்கு மணி ஆனது. முடிவு இன்னும் வரவில்லை.