ரைட்டர் சிங்கராயரின் சிவப்பு முனை

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் ஜீப்பில் உட்கார்ந்து பென்சில் சீவுவது எல்லாருக்கும் ஆகிற காரியமில்லை. சிங்கராயர் சீவுவார். முழங்கால்மேல் கைக்குட்டையை விரித்து, சட்டைப்பையிலிருந்து பாதி பிளேடை எடுத்து, ஜீப் வளைவில் திரும்பும்போது நிறுத்தி, நிமிரும்போது சீவி, பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் ஊசி போலாக்கிவிடுவார். அது ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில். சீவுவதெல்லாம் சிவப்பைத்தான். நீல முனை கடையில் வாங்கினபடியே மொட்டையாகக் கிடக்கும்.

முப்பத்தாறு வருஷம் காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர் அவர். விடிந்ததும் பனிக்குள் நின்று பேர் கூப்பிடுவார். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும் பெண்கள் ஒவ்வொருவராக "இருக்கேனுங்க" என்பார்கள். வந்தவருக்கு நீலம், வராதவருக்குச் சிவப்பு, பிந்தி வந்தவருக்கு அரை நாள். ரிட்டயரானபின் பேர் கூப்பிட ஆளில்லை. கை சும்மா இருக்குமா? புத்தகங்களைப் பிடித்துக்கொண்டார். படித்ததைப் பற்றிச் சேலத்து மாதப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதுவார், பிடித்ததை நீலத்தில், பிடிக்காததைச் சிவப்பில். பிடிக்காத புத்தகத்துக்கு அவர் கடைசியாகப் போடும் ஒற்றைச் சொல், 'ஆப்சென்ட்.'

நீல முனை மொட்டையாகப் போனதற்குப் பொன்னுவேல் காரணம். செம்மநத்தத்தில் மிளகும் ஆரஞ்சும் வைத்திருக்கிற பொன்னுவேல் மழையைப் பற்றிக் கவிதைகள் எழுதிப் புத்தகமாகப் போட்டார். சிங்கராயருக்கு அது நிஜமாகவே பிடித்திருந்தது. 'பண்பட்ட படைப்பு, அனைவரும் படித்துப் பயன்பெறலாம்' என்று மனசாரப் புகழ்ந்து எழுதினார். அதோடு அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது. மூன்று மாதம் கழித்துப் பொன்னுவேலே தேடி வந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, நல்ல மனசோடதான் எழுதியிருந்தீங்க. ஆனா ஒருத்தரும் சீந்தலீங்களே! பயன்பெறலாம்னா அது உர மூட்டையில போடற வாசகமுங்க. அடுத்த புஸ்தகத்துக்கு நாலு வசவு வெச்சு எழுதுங்க சாமி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

சிங்கராயருக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து புகழ்வதை நிறுத்திவிட்டார். பிடித்த புத்தகத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. பிடிக்காததைத் திட்டுவார். அவர் திட்டத் திட்ட ஜனங்கள் அந்தப் புத்தகத்தைத் தேடி வாங்குகிறார்கள் என்பது மட்டும் அவருக்கு வெகுநாள் தெரியவில்லை.

அது தெரிந்தது மைமூனின் நாவலில்தான். மைமூன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவள், நாற்பது வயசுக்காரி. காஜா போடும் நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதி எழுதி, 'ஈரச் சாக்கு' என்று ஒரு நாவலை முடித்து, முந்நூறு பிரதி அச்சடித்துத் தையல் மெஷினுக்கு அடியில் அடுக்கியிருந்தாள். பதினொன்று போனது, அதுவும் சொந்தக்காரர்களுக்கு. பன்னிரண்டாவதைச் சிங்கராயர் வாங்கினார்.

நாற்பதாம் பக்கத்தில் மனுஷன் துள்ளி எழுந்துவிட்டார். கதாநாயகி காப்பிப் பழம் பறிக்கிறாள். எப்போது? கோடை விழா நடக்கிற மே மாதத்தில்! அடக் கொடுமையே! புத்தகத்தை மூடிவிட்டுச் சிவப்பு முனையால் எழுத உட்கார்ந்தார். 'இப்போதுதான் பூ உதிர்ந்து, பிஞ்சு மிளகளவுகூடத் தேறாத செடியில் இந்த அம்மாள் கூடை கூடையாகப் பழம் பறிக்கிறார். சேர்வராயன் மலையை இவர் பார்த்தது காலண்டர் படத்திலா? நாற்பதாம் பக்கத்தோடு மூடிவிட்டேன். ஆப்சென்ட்.'

பத்திரிகை வந்த வாரத்திலேயே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "மே மாசத்துல காப்பி பழுக்கிற புஸ்தகம் இங்கதானுங்களா கெடைக்கும்?" என்று சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டார்கள். தப்பைப் பார்த்துச் சிரிக்க வாங்கியவர்கள் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டிப் போய் அழுதுகொண்டிருந்தார்கள். எஸ்டேட்டுப் பெண்கள் பகல் சோற்று நேரத்தில் வட்டமாக உட்கார, ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மெஷினுக்கு அடியில் இடம் காலியாகி, இரண்டாம் பதிப்பும் வந்து இறங்கியது.

அந்தச் சமயத்தில் ஒருநாள், அவர் காலத்தில் அவரிடம் பேர் கொடுத்த கலாவதி ஜீப்பில் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க திட்டுனீங்கன்னுதானுங்க ரைட்டரே வாங்குனோம். மாசம் தப்புத்தான், நாங்களும் சிரிச்சோம். ஆனா அந்தத் தாய்க்காரி பனியில வழி தெரியாம பிந்தி வந்து, அரை நாள் போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சும் பொழுதுக்கும் நின்னு வேல செய்யறாளே... மக தன்னோட சாக்க எடுத்து அவ மேல போத்தறாளே... நொம்ப அழுதுட்டனுங்க. நீங்க அழுவலீங்களா?"

நாற்பதாம் பக்கத்தோடு மூடியவர் "ம்" என்று சொல்லிவிட்டு வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் மாதா கோயில் மதிலில் உட்கார்ந்து நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து படித்தார். தாய்க்காரியின் இடம் வந்தது. பிந்தி வந்தவர்களுக்கு அரை நாள் போட்டது இதே கைதானே! ஏன் பிந்தினாய் என்று ஒருத்தியையாவது கேட்டதுண்டா? எழுபத்திரண்டு வயசில், நடுப்பகலில், போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதார். அப்புறம் இன்னும் இரண்டு தடவை படித்தார். அட்டை கழன்றுவிட்டது.

நாலு நாள் கழித்துக் கால்சட்டைக்கு ஓரம் மடிக்கிற சாக்கில் மைமூன் கடைக்குப் போனார். அவள் மரியாதையாக ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"புஸ்தகமெல்லாம் உங்க புண்ணியத்துல போகுதுங்க ரைட்டரய்யா."

"அடுத்தது எப்ப கண்ணு?"

"எழுதறதில்லீங்க. பாதி எழுதுன நோட்டுல இப்ப ஜாக்கெட் அளவு குறிச்சிட்டிருக்கேன்."

"அதுக்கேன்?"

மைமூன் மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊரு சனமெல்லாம் உங்க திட்டப் பாத்துட்டு வேடிக்கைக்கு வாங்கறாங்க. ஆனா எஸ்டேட்டும் தெரிஞ்சு புஸ்தகமும் தெரிஞ்சவரு நீங்கதானுங்க. நீங்களே ஆப்சென்ட் போட்டுட்டீங்க. வேலைக்கே வராதவ இன்னொரு கதை எழுதி என்ன பண்றதுங்க?"

கால்சட்டையை மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார் சிங்கராயர். பத்திரிகைக்குப் புகழ்ந்து ஒரு கடிதம் எழுதினார். எழுதி முடித்ததும் பொன்னுவேல் நினைவுக்கு வந்தார். இது அச்சானால் இரண்டாம் பதிப்பு மெஷினுக்கு அடியிலேயே கிடந்து எலிக்குப் போகும். சும்மா இருந்தாலோ அந்தப் பாதிக் கதை ஜாக்கெட் அளவோடு முடிந்துபோகும். கடிதத்தைக் கிழித்தார். நேரில் போய்ச் சொல்லலாமே என்றால், 'நன்றாக இருக்கிறது' என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்லி அந்த வாய்க்குப் பழக்கமில்லை. பாவம், ஒரு வாரம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அடுத்த வாரம் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு கடையில் போய் நின்றார்.

"இதுக்குத் துணியில ஒரு ஒறை தெச்சுக் குடு கண்ணு. அட்ட நிக்க மாட்டேங்குது."

ஜெபப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்தாள் மைமூன். உள்ளே 'ஈரச் சாக்கு.' முதுகு பிய்ந்து, ஓரமெல்லாம் கறுத்து, கடைசிப் பக்கங்கள் நூலால் கட்டப்பட்டிருந்தன. அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால்மேல் கைக்குட்டையை விரித்துக்கொண்டிருந்தார். பாதி பிளேடு வெளியே வந்தது. பென்சிலைத் திருப்பிப் பிடித்து நீல முனையைச் சீவத் தொடங்கினார். வருஷக்கணக்காகக் கிடந்த முனை, இரண்டு தடவை ஒடிந்தது. அவர் விடவில்லை.

"மே மாசம் தப்புத்தான், அதுல மாத்தமில்ல. பத்திரிகையில ஒண்ணும் மாத்தி எழுத மாட்டேன், புஸ்தகம் போகோணுமில்ல? வெளிய மூச்சு விட்றாதே."

புத்தகத்தைக் கையில் வாங்கி, அவள் பேர் அச்சாகியிருந்த முதல் பக்கத்தைத் திருப்பினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பழைய பனிக்காலக் குரலில், பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார்.

"மைமூன்!"

மெஷின் நின்றது.

"இருக்கேனுங்க" என்றாள்.

அந்தப் பேருக்கு நேரே, அழுத்தி, நீலத்தில் ஒரு கோடு போட்டார் சிங்கராயர்.