கவாத்து பண்ணாத வருடம்

என் கணவர் பெங்களூர் நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தது ஓர் ஒட்டு ஆப்பிள் செடி. குட்டை ரகம், தொட்டியிலேயே காய்க்கும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஓசூரில் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த எண்பதுகள் அவை. எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் வெயில் விழும் இடம் ஒரு கட்டில் அளவுதான் இருக்கும். நான் துணி காயப்போடும் அந்த இடத்தில், பாதியாக வெட்டிய பெயின்ட் டிரம்மில் செடி குடியேறியது. எனக்கு எரிச்சல்தான்.

அதைவிட எரிச்சல் என் அப்பாவால். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்தவர். ஒவ்வொரு மே மாதமும் மாம்பழக் கூடையோடு வருவார். கூடையை இறக்கியதும் நேராகப் பின்பக்கம் போய் டிரம்மைச் சுற்றி வருவார்.

“என்னங்க மாப்ள, காஷ்மீர்ல இருந்து லாரி இன்னும் வரலீங்களா?”

இவர் சிரித்து மழுப்புவார். ஒரே ஒரு பழத்தையாவது மாமனார் கையில் வைத்துவிட வேண்டும் என்பது இவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

செடிக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. எரு போடுவார், புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றுவார். டிசம்பர் வந்தால் ரோஜாத் தோட்டங்களில் பார்த்தபடியே கவாத்து. ஓசூர்க்காரர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் எந்தச் செடியும் ரோஜாதான். முண்டு முண்டாக நிற்கும் பழைய குட்டைக் கிளைகளை எல்லாம் நறுக்கித் தள்ளுவார். புதுக் கிளைகள் தளதளவென்று வரும். பூ மட்டும் வராது.

ஒரு டிசம்பரில் கம்பெனி இவரை டிரெய்னிங்குக்குப் பூனா அனுப்பிவிட்டது. கவாத்து என் தலையில் விழுந்தது. நான் கத்தரிக்கோலோடு முழித்துக்கொண்டு நிற்பதைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

“வெட்ட வேணாம்மா. எலைய மட்டும் உருவிப் போடு, கொஞ்ச நாள் தண்ணி நிறுத்து. எங்க அண்ணா வீட்ல அப்படித்தான் மாடோது, செய்யறது.”

உருவினேன். செடி மொட்டையாக நின்றது.

ஜனவரி கடைசியில் பூத்தது, அதுவும் அந்தப் பழைய முண்டுகளின் நுனியில்தான். பூனாவிலிருந்து திரும்பியவர் பெட்டியைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத்தன வருசமா பூவத்தான் வெட்டிப் போட்டிருக்கேன்,” என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

காய் ஒன்றுதான் தங்கியது. மே மாதம் அப்பா வந்ததும் இவர் அதைப் பறித்து அவர் கையில் வைத்தார்.

“ஜெயிச்சுட்டீங்க மாப்ள. உங்க கைராசி.”

பேசாமல் அந்தப் பேரை வாங்கிக்கொண்டிருக்கலாம். இவருக்கு அது வராது.

“கைராசி எல்லாம் இல்லீங்க மாமா. நான் ஊர்ல இல்லாததாலதான் காய்ச்சுது. எல்லாம் உங்க பொண்ணு செஞ்சது.”

இதை வைத்தே அப்பா இன்னும் பத்து வருடம் ஓட்டுவார் என்று நினைத்தேன். அவரோ பழத்தை மூன்றாக அரிந்து ஆளுக்கொன்று கொடுத்தார். நான் ஒரு கடி கடித்தேன், பல் கூசும் புளிப்பு. மாம்பழத்தில் லேசாகப் புளிப்பு தட்டினாலே துப்பிவிடுகிற மனிதர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் துண்டை மென்று விழுங்கினார்.

“நல்லா இருக்குதுங்க மாப்ள,” என்று சொல்லி, என் கையில் மிச்சமிருந்த துண்டையும் கேட்டு வாங்கித் தின்றார்.